எந்த நாட்டுக்கு ஆடுவது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கால்பந்து விளையாட்டில் நம்முள் பலருக்கு ஆர்வம் உண்டு. உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் எங்கள் ஊரில் விளக்கணைவது நள்ளிரவுக்குப் பின்தான். ஆனால் நாம் கண்டு களிக்கும் ஆட்டக்காரர்களுள் சிலர், களத்தில் இறங்குவதற்கு வெகு நாட்கள் முன்பே ஒரு கடினமான கேள்விக்கு விடை சொல்லிவிட்டு வந்தவர்கள். "நீ எந்த நாட்டுக்கு ஆடப் போகிறாய்?" என்பதே அக்கேள்வி. பெற்றோரின் நாடு ஒன்று, பிறந்து வளர்ந்த நாடு மற்றொன்று என இரண்டு குடியுரிமைகளோடு வளரும் இளைஞர்களுக்கே இக்கேள்வி எழுகிறது. விடை சொல்லும்போது அவர்களுக்கு வயது பதினாறு, பதினேழு, மிஞ்சினால் இருபது. அதாவது நம்முடைய வயது.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் குமரிக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. பந்து உதைக்காத பிள்ளை இல்லை. என் தந்தையின் ஊரும் தாயின் ஊரும் அடுத்தடுத்த கடற்கரைகள். இடையில் ஒரு பொழிமுகம். நான் பிறந்தது அம்மாவின் ஊரில், வளர்ந்தது அப்பாவின் ஊரில். எனக்கு 17 வயதாயிருந்தபோது பங்குத் திருவிழாவையொட்டி ஊர்களுக்கிடையே ஒரு போட்டி நடந்தது. முதல் நாள் அம்மாவின் ஊர் அணி ஆடியது. நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அந்த அணியில் ஒருவனுக்குக் கால் பிசகிவிட்டது. மாற்றுக்கு ஆள் இல்லை. கூட்டத்தில் நின்ற என்னைத் தாய்மாமன் பார்த்துவிட்டார். "மக்களே, ஒரு அஞ்சு நிமிசம் எறங்கி நில்லு" என்றார். மாமன் சொல்லை எப்படித் தட்டுவது? யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டு இறங்கினேன். பந்து என் காலுக்கு இரண்டு முறைதான் வந்தது.

இரண்டு நாள் கழித்து என் அப்பாவின் ஊர் அணி ஆட வேண்டும். ஆண்டு முழுவதும் அந்த அணியோடுதான் நான் மணலில் பயிற்சி செய்திருந்தேன். விழாக் குழுவினர் விதியைக் காட்டினார்கள். ஓர் அணிக்காக இறங்கியவன் அந்தப் போட்டி முடியும்வரை வேறோர் அணிக்கு இறங்கக் கூடாது. நான் கரையில் நின்றேன். எங்கள் அணி தோற்றது. "அவன் அம்மைக்க ஊருக்காரன்" என்று என் கூட்டாளிகளே சொன்னார்கள். அப்பாவும் சில நாட்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஐந்து நிமிடம் ஆடியதற்கு இத்தனை தண்டனையா என்று மனம் கசந்திருந்த நாட்களில்தான், பதின்மூன்று நிமிடம் ஆடியதற்காக ஆறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் படித்தேன். அவர் கதையைப் புரிந்துகொள்ள முயன்றபோது தெரிந்துகொண்டவற்றையே இக்கட்டுரையில் தருகிறேன்.

இரு நாட்டுப் பிள்ளைகள்

மனிதர்கள் பிழைப்புத் தேடி நாடுவிட்டு நாடு செல்வது பழங்காலந்தொட்டே உள்ள வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். 1961-இல் மேற்கு ஜெர்மனி, துருக்கியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தொழிலாளரை வரவழைத்தது. அல்ஜீரியா பிரான்சின் ஆட்சியில் இருந்த காலத்திலேயே அங்கிருந்து பலர் பிரான்சுக்குச் சென்று குடியேறினர். மொராக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள ஜிப்ரால்டர் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமே உடையது. அதைக் கடந்து ஸ்பெயினில் வேலைக்குச் சென்ற குடும்பங்களும் மிகப் பல.

சென்றவர்கள் சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணினர். ஆனால் பிள்ளைகள் பிறந்தனர். அங்கேயே பள்ளியில் சேர்ந்தனர். தெருவில் பந்து விளையாடினர். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலுக்கு வெளியே ஒரு மொழி என்று வளர்ந்தனர். அவர்களுள் சிறந்தவர்களைப் பெரிய கழகங்கள் தம் பயிற்சிப் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டன. அப்போதுதான் இரு நாடுகளின் கால்பந்துச் சங்கங்களும் ஒரே வீட்டின் கதவைத் தட்டத் தொடங்கின.

முற்காலத்தில்

தொடக்க காலத்தில் இதற்குக் கட்டுப்பாடு குறைவு. லூயிஸ் மோன்டி என்பவர் 1930-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவுக்காக ஆடித் தோற்றார். அவரே 1934-இல் இத்தாலிக்காக இறுதியாட்டத்தில் ஆடிக் கோப்பையை வென்றார். ஹங்கேரியின் புகழ்பெற்ற புஷ்காஷ் தம் தாய்நாட்டுக்காக 85 ஆட்டங்கள் ஆடியபின், 1962 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்காக ஆடினார். அர்ஜென்டினாவில் பிறந்த டி ஸ்டெஃபானோவும் பின்னர் ஸ்பெயின் அணியில் ஆடியவரே.

ஆனால் எல்லா மாற்றங்களும் அவ்வளவு எளிதாக நிகழவில்லை. 1958 ஏப்ரலில் பிரான்சில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரியர் பலர் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறி, துனீசியாவின் தலைநகரான துனிஸ் சென்று, அல்ஜீரிய விடுதலை இயக்கத்தின் பெயரால் ஓர் அணி அமைத்தனர். அவர்களுள் ஒருவரான ரஷீத் மெக்லூஃபிக்கு அப்போது வயது 21. பிரான்சுக்காக ஆடியவர், அவ்வாண்டு உலகக் கோப்பைக்கும் பிரான்ஸ் அணியில் எதிர்பார்க்கப்பட்டவர். அச்சமயம் பிரெஞ்சு இராணுவச் சேவையில் இருந்ததால், அவர் நாட்டைவிட்டுச் சென்றது படையைவிட்டு ஓடிய குற்றமாகும். உலகக் கோப்பையையும் தொழிலையும் துறந்தே அவர் புறப்பட்டார். அந்த அணியை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா ஏற்கவுமில்லை. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின் அவர் தம் நாட்டின் அணியில் முறைப்படி ஆடினார். நாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது அன்று அத்தனை விலையுள்ள செயலாக இருந்தது.

சட்டம் சொல்வது என்ன?

1960-களில் ஃபிஃபா கதவை அடைத்துவிட்டது. ஒரு நாட்டுக்கு ஆடியவர் மற்றொரு நாட்டுக்கு ஆட முடியாது என்றாயிற்று. நாட்டு அணிகள் காசு கொடுத்து ஆள் சேர்க்கும் கழகங்களைப் போல ஆகிவிடக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பெருகியபோது அந்த விதி பல இளைஞர்களைச் சிறைப்படுத்தியது. ஆகவே கதவு சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டது.

2004-இல் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர், 21 வயது நிரம்புமுன் விண்ணப்பித்தால், மூத்தோர் அணியில் மற்றொரு நாட்டுக்கு ஆடலாம். 2009-இல் அந்த வயது வரம்பும் நீக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் மூன்றாவது திருத்தம் வந்தது. இதுவே மிக முக்கியமானது.

இங்கு ஒன்றை நாம் தெளிவாக அறிய வேண்டும். கடவுச்சீட்டு வேறு, களத்தில் ஆடும் தகுதி வேறு. குடியுரிமை தருவது அரசு. ஆடும் தகுதியை வரையறுப்பது ஃபிஃபா. புதிதாகக் குடியுரிமை பெற்றவர் அந்நாட்டு அணியில் ஆட வேண்டுமானால் அந்நாட்டோடு மெய்யான தொடர்பு இருக்க வேண்டும். அவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தாயோ தந்தையோ, பாட்டனோ பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குமேல் குடியேறியவருக்கு இது 5 ஆண்டுகள்.

ஒரு நாட்டின் மூத்தோர் அணிக்கு நட்புறவு ஆட்டங்களில் மட்டும் ஆடியவர், மற்ற தகுதிகள் இருந்தால், நாடு மாறலாம். போட்டி ஆட்டத்தில் ஆடிவிட்டவருக்கு 2020-ஆம் ஆண்டு விதி சில நிபந்தனைகளை வைக்கிறது. அவர் மூத்தோர் அணியில் ஆடியவை 3 ஆட்டங்களுக்கு மேற்படக் கூடாது. கடைசியாகப் போட்டியில் ஆடியபோது 21 வயது நிரம்பியிருக்கக் கூடாது. அதன்பின் 3 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். உலகக் கோப்பையின் அல்லது கண்டக் கோப்பையின் இறுதிச் சுற்றுகளில் ஆடியிருக்கக் கூடாது. செல்ல விரும்பும் நாட்டின் குடியுரிமை, முதல் நாட்டுக்கு ஆடியபோதே அவருக்கு இருந்திருக்க வேண்டும். அத்துடன், மாறுவது ஒரே ஒரு முறைதான்.

படிப்பதற்கு இவை வறண்ட விதிகளாகத் தோன்றலாம். இவை ஒரு மனிதனின் வாழ்வில் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும்.

பதின்மூன்று நிமிடம்

முனீர் எல் ஹத்தாதி ஸ்பெயினில் மாட்ரிட் வட்டாரத்தில் 1995-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பிறந்தவர். குடும்பம் மொராக்கோவைச் சேர்ந்தது. பார்சிலோனா கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தார். 2014 செப்டம்பர் 8 அன்று வலென்சியா நகரில் ஸ்பெயினுக்கும் மாசிடோனியாவுக்கும் ஐரோப்பியக் கோப்பைத் தகுதியாட்டம் நடந்தது. ஸ்பெயின் எளிதாக வென்றுகொண்டிருந்தது, முடிவில் 5-1. ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் முனீர் மாற்று ஆட்டக்காரராக இறக்கப்பட்டார். 19 வயது நிரம்பி ஒரு வாரமே ஆன பையன், உலகப் புகழ்பெற்ற அணியின் சட்டை கிடைத்தால் வேண்டாம் என்பானா? இறங்கினார், 13 நிமிடம் ஆடினார்.

அதற்குப்பின் ஸ்பெயினின் மூத்தோர் அணி அவரை மீண்டும் ஆட வைக்கவேயில்லை. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோ தகுதி பெற்றது. அந்நாட்டுக்கு ஆட விரும்பி அவர் விண்ணப்பித்தார். அவர் ஆடியது நட்புறவு ஆட்டமன்று, போட்டி ஆட்டம் என்பதால் ஃபிஃபா மறுத்தது. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டுக்கான நடுவர் மன்றம்வரை வழக்குச் சென்றது. அங்கும் தோல்வி. ஸ்பெயின் அவரை அழைக்கவில்லை. மொராக்கோ அழைத்தும் அவரால் போக முடியவில்லை.

2020-ஆம் ஆண்டு திருத்தத்தின் நிபந்தனைகளை இப்போது இவருக்குப் பொருத்திப் பாருங்கள். ஆடியது ஓர் ஆட்டம், வயது 19, இறுதிச் சுற்று அன்று, மூன்றாண்டுகள் எப்போதோ கழிந்துவிட்டன. விதி அவருக்காகவே தைத்த சட்டைபோல் இருக்கிறது. அதன்பின்னும் சில சட்டச் சிக்கல்களைக் கடந்து, 2021 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் அவர் மொராக்கோவுக்காகக் களமிறங்கினார். அப்போது அவருக்கு 25 வயது. ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் வாழ்நாளில் 19-க்கும் 25-க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் எத்தகையவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோ சாதனை படைத்தபோது அந்த அணியில் அவருக்கு இடமில்லை.

நம்பிக்கையூட்டும் சிறுவனைப் பிற நாடு கொண்டுபோகாதபடி, சில நிமிடம் போட்டியாட்டத்தில் இறக்கிக் கட்டிப்போடும் வழக்கம் சில சங்கங்களிடம் உண்டு என்று கால்பந்து விமரிசகர்கள் குறை கூறுவது வழக்கம். எந்தச் சங்கம் எந்த எண்ணத்தோடு செய்தது என்று நாம் தீர்ப்புக் கூற வேண்டாம். ஆனால் இறக்கியவருக்கு அது ஆட்ட உத்தி. இறங்கியவனுக்கோ அது வாழ்க்கை.

எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

"எந்த நாட்டில் இடம் கிடைக்குமோ அங்கே போவார்கள், இதில் என்ன பற்று இருக்கிறது?" என்று சிலர் கேட்பர். ஓரளவு உண்மைதான். ஆட்டக்காரனுக்கு ஆட வேண்டும். பதினொருவரில் ஒருவனாக வேண்டும். அதைக் குற்றமென்று கொள்ள முடியாது. ஆனால் அது மட்டுமே காரணமன்று.

அஷ்ரஃப் ஹக்கீமியைப் பாருங்கள். 1998-இல் மாட்ரிட் நகரில் பிறந்தவர். தாய் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். தந்தை தெருவில் பொருள் விற்றார். ரியல் மாட்ரிட் கழகத்தில் வளர்ந்த அவருக்கு ஸ்பெயின் அணியில் வாய்ப்பு இல்லாமலில்லை. அங்கே முயன்று பார்த்ததாகவும், அது தமக்குரிய இடமாகத் தோன்றவில்லை என்றும் அவர் பின்னர் கூறியிருக்கிறார். வீட்டில் தாம் கண்டு வளர்ந்த வாழ்க்கையோடு பொருந்தியது மொராக்கோ அணியே என்பது அவர் தந்த விளக்கம். 2022 டிசம்பர் 6 அன்று கத்தார் உலகக் கோப்பையில் ஸ்பெயினும் மொராக்கோவும் மோதின. கோலின்றி முடிந்த ஆட்டத்தைப் பெனால்டிகள் தீர்மானித்தன. வெற்றிக்கான கடைசிப் பெனால்டியை அடித்தவர், ஸ்பெயினின் தலைநகரில் பிறந்த அதே ஹக்கீமி. அவர் பந்தை மெதுவாகத் தூக்கி நடுவில் போட்டபோது, எங்கள் ஊர்ச் சந்தியில் திரைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாங்களெல்லாம் துள்ளிக் குதித்தோம். அவ்வணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். உலகக் கோப்பையின் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அணி அதுதான்.

இதற்கு நேர்மாறான விடை சொன்னவர் லாமின் யமால். 2007-இல் பார்சிலோனா அருகே பிறந்தவர். தந்தை மொராக்கோக்காரர், தாய் எக்குவடோரியல் கினி நாட்டவர். மட்டாரோ நகரின் ரொக்காஃபொண்டா என்னும் எளிய குடியிருப்பில் வளர்ந்தார். கோல் அடித்தால் விரல்களால் 304 என்று காட்டுவார்; அது அந்தக் குடியிருப்பின் அஞ்சல் எண்ணின் கடைசி மூன்று இலக்கம். மொராக்கோ விரும்பி அழைத்தும் 2023-இல் ஸ்பெயினைத் தேர்ந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையை அந்நாடு வென்றபோது, 17 வயது நிரம்பி ஒரு நாளே ஆகியிருந்தது. தந்தையின் நாட்டை மறுத்தார் என்று இதற்குப் பொருளாகுமா? தாம் பந்து பழகிய தெருவையே அவர் தம் நாடாகக் கொண்டார் என்பதுதான் பொருள் எனக் கருதுகிறேன்.

ஹக்கீமியும் சரி, யமாலும் சரி. இரண்டு விடைகளும் உண்மையான விடைகள். இந்தக் கணக்குக்கு ஒரே விடைதான் என்று நினைப்பதே பிழை.

ஒரே வீடு, இரண்டு நாடு

இதற்குச் சான்று வேண்டுமானால் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களைப் பாருங்கள். இனாக்கி வில்லியம்ஸ், நிகோ வில்லியம்ஸ் இருவரின் பெற்றோர் கானா நாட்டவர். சகாரா பாலைவனத்தை ஒரு பகுதி காலால் நடந்தே கடந்து ஸ்பெயின் வந்தவர்கள். மூத்தவர் இனாக்கி 2016-இல் ஸ்பெயினுக்கு ஒரே ஒரு நட்புறவு ஆட்டம் ஆடினார். 2022-இல் கானாவைத் தேர்ந்தார். இளையவர் நிகோ ஸ்பெயினைத் தேர்ந்தார். அவ்வாண்டு உலகக் கோப்பையில் அண்ணன் ஒரு நாட்டுச் சட்டையிலும் தம்பி மற்றொரு நாட்டுச் சட்டையிலும் ஆடினர். கழகத்திலோ இருவரும் பில்பாவோ நகரின் ஒரே அணி. 2024 ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் முதல் கோலை அடித்தவர் நிகோ. பந்தை எடுத்துக் கொடுத்தவர் யமால். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இரு குடும்பங்களின் பிள்ளைகள் அன்று ஸ்பெயினுக்குக் கோப்பையை வென்று தந்தனர்.

சகோதரர்கள் எதிரெதிரே நின்றதும் உண்டு. பெர்லினில் பிறந்த போவட்டெங் சகோதரர்களுள் ஜெரோம் ஜெர்மனிக்கும் கெவின் பிரின்ஸ் தந்தையின் நாடான கானாவுக்கும் ஆடினர். 2010 ஜூன் 23 அன்று உலகக் கோப்பையில் இருவரும் மோதினர்; ஜெர்மனி 1-0 என வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்த ஜாக்கா சகோதரர்களுள் கிரானிட் சுவிட்சர்லாந்துக்கும் தௌலன்ட் அல்பேனியாவுக்கும் ஆடினர். 2016 ஜூன் 11 அன்று ஐரோப்பியக் கோப்பையில் இவ்விரு நாடுகளும் மோதியபோது, அவர்களின் தாயார் பாதி அல்பேனியக் கொடியும் பாதி சுவிஸ் கொடியுமாகத் தைத்த சட்டையை அணிந்து வந்து அமர்ந்திருந்தார். சட்டத்தின் எல்லாப் பிரிவுகளையும்விட அந்தச் சட்டை இந்தச் சிக்கலை எனக்கு நன்றாக விளக்கியது.

தேர்ந்தபின் கேள்வி ஓய்கிறதா?

இல்லை என்பதே வருந்தத்தக்க உண்மை. மெசூத் ஓசில் ஜெர்மனியில் துருக்கியக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மனியைத் தேர்ந்து, 2014-இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். 2018 மே மாதம் துருக்கி அதிபரோடு அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு உலகக் கோப்பையில் ஜெர்மனி முதற்சுற்றிலேயே வெளியேறியது. ஜூலையில் ஓசில் நாட்டு அணியைவிட்டு விலகினார். வெல்லும்போது தம்மை ஜெர்மானியராகவும் தோற்கும்போது வந்தேறியாகவும் பார்க்கிறார்கள் என்பது அவர் வெளியிட்ட அறிக்கையின் சாரம். அந்தப் புகைப்படம் சரியா, தவறா என்று வாதிட இடமுண்டு. ஆனால் ஆட்டக்காரன் நாட்டை ஒரு முறை தேர்ந்தெடுத்தால், நாடும் அவனை மனமாரத் தேர்ந்தெடுக்க வேண்டாமா?

விதியிலும் குறை இல்லாமலில்லை. பதினெட்டு வயதுப் பையன் உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றில் ஒரு நிமிடம் இறங்கிவிட்டால், அதன்பின் அவனுக்கு நாடு மாற வழியில்லை. மறுபக்கம், வரம்பையே நீக்கிவிட்டால் நாட்டு அணிக்கும் கழகத்துக்கும் வேற்றுமை இல்லாமற் போகும். பல ஆண்டுகள் செலவிட்டுப் பயிற்சி தந்த சங்கத்துக்கும் அது நியாயமன்று. ஆகவே வரம்பு வேண்டும். ஆனால் அது அறியாத வயதை மன்னிக்கும் வரம்பாக இருக்க வேண்டும். மூன்று ஆட்டம், இருபத்தொரு வயது என்ற இன்றைய ஏற்பாடு அந்த வழியில் எடுத்து வைத்த நல்ல அடி.

நம் நாட்டின் நிலை

இந்தியாவுக்கு இக்கேள்வி வேறு வடிவில் வருகிறது. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தாமாக விரும்பி வேறு நாட்டின் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்று 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கூறுகிறது. வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் அட்டை முழுக் குடியுரிமை ஆகாது. இந்திய அணியில் ஆட இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். எனவே ஐரோப்பியப் பிள்ளைகள் ஒரு சட்டையைத் தேர்கிறார்கள் என்றால், இந்தியாவுக்கு ஆட விரும்புவோர் மற்றொரு கடவுச்சீட்டையே துறக்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா அவ்வாறே ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து, 2013-இல் இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்து, தாய்வழியில் இந்தியத் தொடர்புள்ள ரயன் வில்லியம்ஸ் 2025-இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு இந்தியரானார். சட்டத்தை மாற்ற வேண்டுமா என்பது நாட்டின் பாதுகாப்பு முதலிய பலவற்றோடு பிணைந்த பெரிய கேள்வி. ஆனால் அவ்வளவு பெரிய ஒன்றைத் துறந்து வருகிறவரை, வெளியாள் என்று நாம் ஒருநாளும் சொல்லிவிடக் கூடாது.

முடிவாக

நான் என் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவன். கல்லூரி விண்ணப்பத்தில் எந்தப் பாடம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாருமில்லை. அந்த வயதில் போடும் கையெழுத்து எத்தனை கனமானது என்பதை நம்மில் பலரும் அறிவோம். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் அந்தப் பையன்களும் அப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள்? ஒரே வேறுபாடு, அவர்களைச் சுற்றி இரண்டு நாடுகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

எங்கள் ஊர்ப் போட்டியின் கதையை முடிக்கவில்லை. நான் கரையில் நின்று எங்கள் அணி தோற்ற அந்த இரவில் அம்மா சோறு போட்டுவிட்டு, அப்பாவுக்கும் கேட்கும்படி, "ரெண்டு ஊரும் அவனுக்கு உள்ளதுதான். ரெண்டுக்கும் சேத்துதான் நான் அவனைப் பெத்தேன்" என்றாள். அடுத்த ஆண்டு போட்டி வந்தபோது நான் முதலில் பொழிமுகம் தாண்டிப் போய்த் தாய்மாமனைப் பார்த்தேன். "மாமா, நான் இந்தத் தடவை அப்பா ஊருக்குப் பேர் குடுக்கப் போறேன்" என்றேன். அவர் வலையைப் பின்னிக்கொண்டே சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நல்லா ஆடு மக்களே. எங்களுக்கு மட்டும் கோல் அடிச்சிராத" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

நண்பர்களே! ஓர் இளைஞன் ஒரு சட்டையை அணிவதால் மற்றொன்றைக் கிழித்தெறிகிறான் என்று பொருளில்லை. அவன் ஆடிய பதின்மூன்று நிமிடத்தையோ ஐந்து நிமிடத்தையோ கொண்டு அவன் பற்றை எடைபோடவும் கூடாது. சிந்திக்க அவனுக்குக் காலம் தருவோம். சிந்தித்துச் சொன்ன விடையை மதிப்போம். ஃபிஃபா இதைச் சட்டமாக்க 2020 வரை ஆயிற்று. நமக்கு அத்தனை காலம் தேவையில்லை.